மங்களத்துக்கு முன் ஏழு பாட்டு

பிடில் வாசிப்பது கையால் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது காலால் வாசிக்கிற வாத்தியம். தரையில் சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கணுக்காலின் மேல் பிடிலின் தலையை வைக்க வேண்டும். மறுமுனை இடது நெஞ்சில் ஒட்டியிருக்கும். கால் அசையாமல் தாங்கினால்தான் கை ஓடும். முப்பத்தைந்து வருடமாக வாசித்தும் இது எனக்குத் தெரியாது. என் விரல்களில் ஏதோ வித்தை இருப்பதாக நானே நம்பிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் வலது முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் எங்கள் இரண்டு பேரில் யார் வித்துவான் என்பது விளங்கியது.

என் பெயர் யோகராஜ். அலுவிகாரையில் மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறினால், பழைய தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த இடத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலின் பஜனைக் கோஷ்டியில் நான் பிடில். 'பிடில் யோகராஜ்' என்று சொன்னால் மாத்தளை டவுன் வரைக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த பாட்டுகள் எத்தனை என்பதுதான் யாருக்கும் தெரியாது. மொத்தம் பதினான்கு. அதிலும் இரண்டு ஒரே மெட்டு.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. நாலந்தா போகிற வழியில் நுஹ்மான் ஹாஜியாருக்கு ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் உண்டு. வெள்ளைக்காரர்களை மிளகுக் கொடிக்கும் சாதிக்காய் மரத்துக்கும் நடுவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, கடைசியில் கொட்டகைக்குள் உட்காரவைத்து எண்ணெய் விற்பது என் பொறுப்பு. அதில் அதிகம் போவது முழங்கால் எண்ணெய். ஒரு போத்தல் பூசினால் மலை ஏறலாம் என்று நான் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தால் நீங்களும் வாங்குவீர்கள்.

முழங்கால் மடங்காமல் போன மாதம் அதே எண்ணெயை நானும் இரண்டு போத்தல் பூசினேன். ஹாஜியார் கொட்டகை வாசலில் நின்று நான் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்தார்.

"என்ன மனுசா, கால்ல என்ன? நம்மட எண்ணெய பூசிப் பாக்கலியா?"

"பூசினேன் ஹாஜியார். வாசம் நல்லா இருக்கு."

"வெள்ளக்காரன் பாக்குற மாதிரி நடக்காத" என்றார் அவர். "யாவாரம் கெட்டுப்போயிடும். வலி இரிந்தா உள்ளுக்கு வந்து நட."

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி ஆயுசுக்கும் தரையில் உட்காரவே கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். கதிரையில் உட்காரலாமாம், கட்டிலில் உட்காரலாமாம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். எண்ணெய் விற்கிறேன் என்றேன். அப்படியென்றால் பிரச்சினை இல்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிரச்சினை இருந்தது. வைகாசித் திருவிழாவில் எங்கள் அம்மனுடைய கும்பத்தை மண்டபத் தரையில் வைப்பார்கள். கும்பம் தரையில் இருக்கும்வரை மண்டபத்தில் யாரும் அதைவிட உயரத்தில் உட்காரக் கூடாது. மந்திரி வந்தாலும் பாயில்தான். பிடில்காரனுக்காக அம்மன் முன்னால் கதிரை போடுவார்களா? போட மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பொன்னாடை போர்த்துவார்கள்.

அந்தப் பொன்னாடையை நினைத்துத்தான் எனக்குப் பயம். எங்கள் கோஷ்டியில் ஆர்மோனியம் வாசித்த பெரியவருக்கு முதுகு வலி என்று தெரிந்ததும், கோயில் தலைவர் சசிக்குமார் அவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பத்து நிமிஷம் மைக்கில் புகழ்ந்தார். சசிக்குமார் டவுனில் ஹார்டுவெயார் கடை வைத்திருப்பவர். தங்கமான மனுஷன். யாரையும் போ என்று சொல்ல வராது, புகழ்ந்தே அனுப்பிவிடுவார். அடுத்த வருடம் ஆர்மோனியப் பெரியவர் மண்டபத்துக்கு வெளியே தகரப் பந்தலுக்குள் கௌரவ விருந்தினர் கதிரையில் பொன்னாடையோடு உட்கார்ந்து, நாங்கள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நான் இல்லாவிட்டால் கோஷ்டி நன்றாகவே நடக்கும். இன்னும் நன்றாகவே நடக்கலாம். ஆனால் வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் பொய் சொல்லி எண்ணெய் விற்கிறவனுக்கு, பொய் சொல்லாமல் உட்கார்ந்திருக்க இருப்பது அந்த ஒரு பாய்தான். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. ஆகவே முழங்காலைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் மனைவி கிருஷ்ணம்மாவிடம் மறைக்க முடியவில்லை. வீட்டில் கதிரையில் உட்கார்ந்து, வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் காலை வைத்து வாசித்துப் பார்த்தேன். பிடில் மூக்குக்கு வந்தது. வெள்ளைக்காரன் மாதிரி நாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருப்பதாகக் கிருஷ்ணம்மா சொன்னாள்.

"பேசாம தலைவர்கிட்ட சொல்லிருங்க. வயசானா முட்டி வலிக்கத்தான் செய்யும். இதுல என்ன வெக்கம்?"

"சொன்னா பொன்னாடை போட்டுருவாரு."

"போட்டா வாங்கிக்கங்க. உங்களுக்குக் கட்டில்ல விரிக்க ஒரு துணியாச்சும் ஆகும்."

இதில் நான் யாருக்கு அதிகம் பயந்தேன் என்று கேட்டால், சசிக்குமாருக்கு அல்ல. மிருதங்கம் வாசிக்கிற நல்லையா அண்ணனுக்கு. எனக்கும் அவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. கலேவெலயில் ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்தது. ஒரு பாட்டின் நடுவில் நான் தாளத்தில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், உளுந்து வடைத் தட்டு என் பக்கத்தால் போனது. நல்லையா அண்ணன் அதைச் சபையிலேயே சொன்னார். அவர்தான் ஒரு மாத்திரை கூடத் தட்டினார் என்று நான் திருப்பிச் சொன்னேன். வடையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு திருவிழாவிலும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். ஐந்து வருடத்துக்கு முன்னால், போகட்டும் வயதில் மூத்தவர் என்று, சமாதானம் பேச நானே இறங்கிப் போனேன். மாத்தளையிலிருந்து வருகிற பஸ்ஸில் அவர் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, சௌக்கியமா?" என்றேன். திரும்பவே இல்லை. இன்னொரு தடவையும் கேட்டேன். ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவிகாரையில் இறங்கும்போது எனக்கு நெஞ்சு எரிந்தது. அதிலிருந்து நானும் முறைப்பது என்று வைத்துக்கொண்டேன். அவரோ என்னைவிடப் பெரிய முறைப்புக்காரர். வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், வில் பிடிக்கிற கையை மட்டும் கண் இமைக்காமல் முறைப்பார். எப்போது தப்பு விடுவான், எப்போது பிடிக்கலாம் என்று காத்திருக்கிறார் என்றே நினைத்தேன். என் முழங்கால் விஷயம் இந்த மனுஷனுக்குத் தெரிந்தால் கோயில் மைக்கிலேயே சொல்லிவிடுவார்.

திருவிழா அன்று என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. மற்றவர்கள் வருவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவது. முடிந்ததும் பின்னால் இருக்கிற தூணைப் பிடித்துக்கொண்டு எழும்புவது. அந்தத் தூணை நான் மூன்று நாள் முன்னதாகவே போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

உட்காருவது முதலில் கோணியது. பாய்க்கு முன்னால் நின்று மெதுவாகக் குனிந்தேன். முழங்கால் நடுவழியில் நின்றது. மிச்ச ஆள் கீழே போய்விட்டான். நெடுஞ்சாண்கிடையாகக் கும்பத்துக்கு முன்னால் விழுந்தேன். விழுந்தவன் அப்படியே இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தேன். பூத்தட்டோடு வந்த இரண்டு பெண்கள், யோகராஜ் அண்ணனுக்கு எவ்வளவு பக்தி என்று பேசிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருக்களித்து உருண்டு, இரண்டு கையாலும் காலை மடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சம்மணத்துக்கு வந்து சேர்ந்தேன்.

கோஷ்டி வந்தது. பாடுகிற சுரேகா மைக்கைப் பிடித்தாள். நல்லையா அண்ணன் எதிரில் உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடப் பக்கத்தில் ரவை மாவைக் குழைத்து அப்பி, தட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல என் வலது கையை முறைக்க ஆரம்பித்தார். ஏழு பாட்டு வாசித்தோம். கால் மரத்துப் போயிருந்ததால் வலிகூடத் தெரியவில்லை. நன்றாகத்தான் வாசித்தேன் என்று நினைக்கிறேன்.

எட்டாவதாக மங்களம். மங்களம் பாடி முடிந்ததும் கோஷ்டி எழும்பும். கோஷ்டி எழும்பிய பிறகுதான் பந்தியில் இலை போடுவார்கள். இது எங்கள் கோயிலில் எத்தனையோ காலமாக இருக்கிற வழக்கம். வெளியே பந்தலில் முந்நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் ஒரு மணி. சாம்பார் வாசனை மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

சுரேகா மங்களத்துக்குத் தொண்டையைச் செருமினாள். நான் எதற்கும் தூண் இருக்கிறதா என்று பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். கையில் தகரம் தட்டுப்பட்டது. திரும்பிப் பார்த்தால், தூணை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதைச் சுற்றி வாழைமரம் கட்டிவைத்திருந்தார்கள். விழுந்து புரண்ட அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. காலை அசைத்துப் பார்த்தேன். என்னுடைய கால் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது இதுதான். மங்களம் முடிந்தால் எழும்ப வேண்டும். எழும்ப முடியாது. முந்நூறு பேர் பார்ப்பார்கள், சசிக்குமார் ஓடி வருவார், நாலு பேர் தூக்குவார்கள், அடுத்த வருடம் பொன்னாடை. மங்களம் முடியாமல் இருக்க ஒரே வழி மங்களத்தைத் தொடங்கவிடாமல் இருப்பது. சுரேகா வாயைத் திறப்பதற்குள் நான் வில்லைத் தூக்கி வேறொரு அம்மன் பாட்டைத் தொடங்கிவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். ஆனாலும் பாடினாள், நல்ல பிள்ளை. அது முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கினேன். அதையும் பாடினாள். மூன்றாவதில் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் போத்தலை எடுத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பிடிலும் மிருதங்கமும் மட்டும் மிஞ்சின. நல்லையா அண்ணன் முகத்தில் ஒன்றும் இல்லை. என் கையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பந்தலிலிருந்து முதலில் முணுமுணுப்பு வந்தது. பிறகு சின்னப் பிள்ளைகள் அழுகிற சத்தம். சசிக்குமார் மண்டப ஓரத்தில் நின்று, போதும் என்று கையைக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் பக்தி என்று நினைப்பார்கள் என்பது எண்ணெய் விற்றுப் பழகிய புத்தி. அந்தப் புத்தி பலித்தது. நாலாவது பாட்டில் முணுமுணுப்பு அடங்கியது. ஐந்தாவதில் யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். "ஓம் சக்தி" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. கண்ணிடுக்கால் பார்த்தேன். பந்தியில் இருந்தவர்கள் எழும்பி வந்து மண்டபத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். சசிக்குமார் கையைக் குவித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளே அழுகை வந்தது. பக்தியால் அல்ல. ஐந்து பாட்டோடு என்னிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. ஆறாவதாக, முதலில் வாசித்ததையே வேகத்தைக் கூட்டி வாசித்தேன். ஏழாவதாக, அதையே வேகத்தைக் குறைத்து வாசித்தேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. அம்மா தாயே, ஒன்று காலைக் கொடு அல்லது உசிரை எடு என்று வேண்டிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கும்பத்தைப் பார்த்து நான் மனசார வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஏழாவது பாட்டு முடிகிற இடத்தில் நல்லையா அண்ணன் திடீரென்று பாட்டை முடிக்கிற தீர்மானம் ஒன்றைப் பெரிதாக வைத்தார். மூன்று தடவை சுற்றி வந்து, மண்டபம் அதிர முடித்தார். அதற்கு மேல் வாசிக்க என்னால் மட்டுமல்ல, யாராலும் முடியாது. முடித்த கையோடு கருவறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"பூசாரி, கற்பூரம் காட்டுங்க! சுரேகா, மங்களம் பாடும்மா! எல்லாரும் அம்மனைப் பாத்துக் கும்பிடுங்க!"

கற்பூரம் எரிந்தது. மணி அடித்தது. அத்தனை பேரும் கருவறைப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சுரேகா மங்களம் பாடினாள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து இரண்டு கைகள் என் கக்கத்துக்குள் நுழைந்தன. அறுபத்தெட்டு வயது மனுஷனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே தூக்கு. கற்பூரம் அணைந்து எல்லோரும் கண்ணைத் திறந்தபோது, நானும் நல்லையா அண்ணனும் தோளோடு தோள் உரசி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். பந்தியில் இலை போட ஓடினார்கள்.

அவர் என்னை அணைத்தபடியே கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த கல்லில் உட்காரவைத்துவிட்டு, கையில் இருந்த ரவை மாவைக் கழுவினார். என் ஜிப்பாவில் இரண்டு கக்கத்திலும் மாவு அப்பியிருந்தது.

"எப்படிண்ணே தெரிஞ்சது?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பதினோரு வருடப் பிடிவாதம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டுத் திரும்பியவர் என் வாய் அசைந்ததைக் கண்டிருக்க வேண்டும். சுற்றி வந்து எனக்கு வலப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. வலது காது போயி ஆறு வருசமாச்சு. இதுல மட்டுந்தான் கொஞ்சம் கேக்கும்."

எனக்கு பஸ் ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் இருந்தது இடது காது. நான் உட்கார்ந்தது வலது பக்கம். என்னைப் போல ஒரு மடையன் மாத்தளை மாவட்டத்தில் இருக்க மாட்டான். ஐந்து வருடம் வீணாக முறைத்திருக்கிறேன்.

"எனக்கு எழும்ப முடியலன்னு எப்படித் தெரிஞ்சதுண்ணே?" என்று இந்தக் காதுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"நீ பாயக் கண்டதும் விழுந்து கும்பிட்டத வாசல்ல நின்னு பாத்தேன். நீ அவ்வளவு பக்திக்காரன் இல்லையே. அப்புறம் மங்களத்த விட்டுட்டு நீ பாட்டுக்கு வாசிக்கிற. உன்கிட்ட அத்தன பாட்டு ஏது? கடைசி ரெண்டும் மொதப் பாட்டுதானே."

"காது கேக்காம அது எப்படி?"

"உன் கையப் பாத்துத்தான்" என்றார். "ஆறு வருசமா உன் கையப் பாத்துத்தான் தட்டுறேன். வில்லு மேல போனா இது, கீழ வந்தா இது, வளைச்சா இது. எனக்குப் பாட்டே உன் கைதான். தலைவருக்குத் தெரிஞ்சா என்னையும் பொன்னாடை போத்தி வெளிய உக்காத்திருவாரு. அதான் நான் எவங்கிட்டயும் சொல்லல. நீ எழும்பிப் போயிட்டா நானும் போயிரணும் தம்பி. வேற எவன் கையையும் எனக்குப் படிக்கத் தெரியாது."

ஜிப்பாவில் அப்பியிருந்த மாவைத் துடைத்தபடி, "கலேவெலயில மாத்திரைய விழுங்கினது நான்தான்ணே" என்றேன்.

"தெரியும். அந்த வடை நல்லாவும் இல்ல."

அப்போது சசிக்குமார் பாயசக் கோப்பைகளோடு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஒரு கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, நல்லையா அண்ணனுக்கு வலது பக்கத்தில் போய் நின்றார்.

"யோகராஜ் அண்ணே, இன்னைக்கு அம்மனே உங்க மேல எறங்கிட்டா. சனம் அழுதிருச்சு. கமிட்டியில இப்பவே பேசி முடிவு பண்ணிட்டோம். இனி வருசா வருசம் மங்களத்துக்கு முன்னால இந்த ஏழு பாட்டையும் நீங்க ரெண்டு பேரும் மட்டும் வாசிக்கணும். இத வழக்கமாவே வச்சிருவோம். என்ன நல்லையா அண்ணே, சரிதானே?"

நல்லையா அண்ணனுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. ஏதோ கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அவர் சசிக்குமாரைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ஒரே பொன்னாடையை இரண்டாகக் கிழித்து இருவரும் போர்த்திக்கொண்டு, தகரப் பந்தலுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். மடக்க முடியாத ஒரு காலும் கேட்காத ஒரு காதும் வருடா வருடம் ஏழு பாட்டு வாசிப்பதென்றால் அது அம்மனுக்கே பொறுக்காது.

பாயசத்தை இடது கைக்கு மாற்றினேன். பாட்டைத் தொடங்கும்போது வில்லை மெல்லத் தூக்குவேனே, அந்த அளவுக்கு வலது கையைத் தூக்கினேன்.

"அதுக்கென்ன தலைவரே, வாசிச்சிருவோம்" என்றார் நல்லையா அண்ணன்.